பத்து மில்லி என்பதில் எத்தனை இலக்கம்?

(கள்ளக்குறிச்சியில் கணித, அறிவியல் பட்டதாரி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, ‘கணக்கீடுகளில் முக்கிய எண்ணுருக்களும் அறிவியல் குறியீடும்’. தலைப்பைப் படித்ததும் பின்வரிசையில் இரண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம்மில் பெரும்பாலோர் பத்து நிமிடத்தில் நடத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும் பகுதி இது. எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் கணக்கில் அறிவியல் குறியீடு வருகிறது. முக்கிய எண்ணுருக்கள் என்ற பெயரோ பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் முதல் அலகில்தான் வருகிறது. நடுவில் ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் வெர்னியர் அளவி, திருகு அளவி, பத்தாம் வகுப்பில் மோல் கணக்கு. நான்கும் ஒரே உடம்பின் உறுப்புகள். நாம் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியில் வைத்துக் கொடுக்கிறோம். வாங்கிக்கொள்ளும் பிள்ளை நான்கையும் தனித்தனியாக மறந்துவிடுகிறது.

நான் கருணாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அந்த ஊரின் பெயரைச் சொன்னதும் உங்கள் மனதில் என்ன வருகிறதோ, அதேதான் என் வகுப்பறைக்குள்ளும் வருகிறது. அதைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பைப் பேச எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கழித்து அங்கே வருகிறேன். முதலில் வகுப்பறைத் தரையிலிருந்து தொடங்கலாம்.

தரையின் நீளத்தையும் அகலத்தையும் பிள்ளைகளை டேப்பால் அளக்கச் சொன்னேன். நீளம் 7.6 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். பெருக்கினால் 46.36 சதுர மீட்டர். எல்லாரும் அப்படியே எழுதினார்கள். ‘பெருக்கலில் மிகக் குறைந்த முக்கிய எண்ணுருக்கள் எத்தனையோ அத்தனைதான் விடையில் இருக்க வேண்டும்’ என்று விதியைச் சொல்லி 46 என்று திருத்தியிருக்கலாம். திருத்திக்கொள்வார்கள். ஆனால் நம்ப மாட்டார்கள். ‘உள்ள எண்ணை ஏன் வெட்டுகிறார்கள்’ என்ற கேள்வி உள்ளே கிடக்கும். அந்தக் கேள்வி நியாயமானது.

அதனால் விதியைச் சொல்லாமல் ஒன்று கேட்டேன். ‘7.6 என்று எழுதினீர்களே, அது 7.55ஆக இருந்திருக்கலாமா?’ டேப்பை இழுத்துப் பிடித்த பையன், ‘இருக்கலாம் டீச்சர், அந்தப் பக்கம் சுவர் கொஞ்சம் காரை பெயர்ந்து கிடக்கு’ என்றான். அப்படியானால் நீளம் 7.55க்கும் 7.65க்கும் நடுவில், அகலம் 6.05க்கும் 6.15க்கும் நடுவில். சின்ன எண்களைப் பெருக்கச் சொன்னேன்: 45.6775. பெரிய எண்களைப் பெருக்கச் சொன்னேன்: 47.0475. உண்மையான பரப்பு ஏறத்தாழ 45.7க்கும் 47.0க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. இப்போது 46.36ஐப் பாருங்கள். 46இல் இருக்கும் 6 மேலேயே சந்தேகம். அதற்குப் பிறகு வரும் 36க்கு என்ன அர்த்தம்? யாரும் அளக்காத எண்கள் அவை. பெருக்கல் வாய்ப்பாடு கொடுத்த எண்கள். அளந்தவர் கொடுத்தவை அல்ல.

இந்த ஒரு கணக்கைப் போட்ட பிறகு விதியைச் சொன்னால் போதும். பிள்ளைகளே அதைச் சொல்லிவிடுவார்கள். சுழியங்களைப் பற்றிய விதிகள், கூட்டலில் தசம இடங்களைப் பார்க்க வேண்டும் என்பது, இவையெல்லாம் புத்தகத்தில் தெளிவாகவே இருக்கின்றன. அவற்றை நான் இங்கே திரும்பப் படிக்கப்போவதில்லை.

ஆனால் ஒரு சுழியத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். நம் கோமுகி அணையின் கொள்ளளவு 560 மில்லியன் கன அடி என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அந்த 560இல் இருக்கும் கடைசிச் சுழியம் அளந்து வந்ததா, இடத்தை நிரப்ப வந்ததா? எழுதியிருக்கும் விதத்திலிருந்து சொல்லவே முடியாது. அறிவியல் குறியீடு இங்கேதான் உதவுகிறது. 5.6 × 10⁸ கன அடி என்றால் இரண்டு இலக்கங்களுக்கு நான் பொறுப்பு. 5.60 × 10⁸ என்றால் மூன்று இலக்கங்களுக்கு நான் பொறுப்பு. பெரிய எண்ணைச் சுருக்கி எழுதும் வசதி என்று மட்டும் இதைச் சொல்லிக்கொடுக்கிறோம். எத்தனை இலக்கத்துக்கு நான் பொறுப்பேற்கிறேன் என்று எழுதிக்காட்டும் கையெழுத்தும் அதுவே. சுருக்கம் இரண்டாவது பயன்தான்.

இதே அணையை வைத்து இன்னொரு சின்ன விஷயம். மூன்று இலக்கம் உறுதி என்று வைத்துக்கொண்டு கன மீட்டருக்கு மாற்றுங்கள். ஒரு கன அடி 0.0283 கன மீட்டர் என்று எடுத்தால் 1.58 × 10⁷ வருகிறது. 0.02832 என்று எடுத்தால் 1.59 × 10⁷. இரண்டாவதுதான் சரி. மாறிலியைத் தரவைவிட ஒரு இலக்கம் கூடுதலாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் நம் கையால் நாமே பிழையைச் சேர்க்கிறோம். இதைப் பெரும்பாலான வழிகாட்டி நூல்கள் சொல்வதில்லை.

லட்சம், கோடி, மில்லியன் குழப்பம் உங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. லட்சம் 10⁵, மில்லியன் 10⁶, கோடி 10⁷ என்று கரும்பலகையின் ஓரத்தில் வருடம் முழுக்க எழுதி வைத்துவிடுங்கள். வேறு வைத்தியம் இல்லை. அடுக்குகள் வேறாக இருக்கும்போது கூட்டத் தெரியாமல் திணறும் பிள்ளையிடம் 3.2 × 10⁵உடன் 4.1 × 10⁴ஐக் கூட்டச் சொன்னால் 7.3 × 10⁹ என்றுகூட எழுதும். அதே பிள்ளையிடம் ‘மூணு லட்சத்து இருபதாயிரத்தோடு நாற்பத்தோராயிரம் சேர்த்தா எவ்வளவு?’ என்று கேளுங்கள். பேனாவையே எடுக்காமல் சொல்லும். நம் மொழியின் எண்பெயர்களிலேயே பத்தின் அடுக்குகள் உட்கார்ந்திருக்கின்றன. சிறிய பக்கத்திலும் அப்படித்தான். மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. முந்திரியை மறுபடி முந்நூற்றிருபதாகப் பிரித்தால் கீழ்முந்திரி. ஒரு லட்சத்து இரண்டாயிரத்து நானூறில் ஒரு பங்கு. அறிவியல் குறியீட்டில் ஏறத்தாழ 9.77 × 10⁻⁶. நிலவரிக்கும் நெல்லுக்கும் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எதிர்ம அடுக்கு புரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

கணக்கை வாழ்க்கையோடு இணைக்க வேண்டும் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். நம் மாவட்டத்தில் அதற்குக் கரும்பு போதும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. நம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் கரும்பு இருக்கிறது, அல்லது கரும்பு வெட்டும் கை இருக்கிறது. 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 340 ரூபாய். அது சர்க்கரைக் கட்டுமானம் 10.25 சதவீதம் இருந்தால். கட்டுமானம் ஒவ்வொரு 0.1 சதவீதம் கூடும்போதும் 3.32 ரூபாய் கூடும். குறைந்தால் அதே கணக்கில் குறையும். 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ போய்விட்டால் மேலும் குறைக்காமல் 315.10 ரூபாய் தர வேண்டும்.

முதலில் அந்த 315.10 எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். 10.25இலிருந்து 9.5ஐக் கழித்தால் 0.75. அதாவது ஏழரை படிகள். ஏழரையை 3.32ஆல் பெருக்கினால் 24.90. 340இலிருந்து கழித்தால் 315.10. வகுப்பில் ஒரு சின்னக் கைத்தட்டல் எழுந்தது. அரசாணையில் இருக்கும் எண்ணை நாமே வரவழைக்க முடியும் என்பது அவர்களுக்குப் புதிது.

பிறகுதான் என் கேள்வி. ‘10.25 என்பதை யாரோ ஒருவர் 10 என்று முழுமைப்படுத்தி எழுதிவிட்டால் என்ன ஆகும்?’ இரண்டரைப் படிகள். குவிண்டாலுக்கு 8 ரூபாய் 30 காசு. நாற்பது டன் கரும்பு அனுப்பிய வீட்டுக்கு 3,320 ரூபாய். ‘அது எங்க தீபாவளி டீச்சர்’ என்றாள் ஒரு பெண். இலக்கத்தை வெட்டினாலும் இழப்பு, இல்லாத இலக்கத்தைச் சேர்த்தாலும் ஏமாற்று. எந்த இலக்கம் அளந்து வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது. 340 ரூபாயில் இருக்கும் சுழியத்தைப் பற்றியும் ஒருவன் கேட்டான். அது அளந்த எண் அல்ல, அறிவித்த எண். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரு ஏக்கருக்கு 100 சென்ட் என்பதைப் போல.

இனி நான் தள்ளிப்போட்டு வந்த இடத்துக்கு வருகிறேன்.

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால்தான் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பள்ளி திறந்து ஒன்றிரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த வருடம் முழுக்க என் வகுப்பில் நான் அந்தச் சொல்லையே எடுக்கவில்லை. பத்தாம் வகுப்பில் ‘கார்பனும் அதன் சேர்மங்களும்’ பாடத்தில் எத்தனால் வந்தபோது, இயல்பு நீக்கப்பட்ட சாராயம் என்ற வரி வந்தபோது, மெதுவாகக் கடந்து போனேன். துக்க வீட்டில் எடுத்துக்காட்டுக் கணக்கு போடக் கூடாது என்பது என் எண்ணம். இன்றும் அதில் மாற்றமில்லை.

அடுத்த ஆண்டு பிள்ளைகளே கேட்டார்கள். கேட்ட பிறகு மழுப்புவதும் கூடாது.

பாடப்புத்தகத்தில் எத்தனாலின் கொதிநிலை 78 டிகிரி செல்சியஸ். மெத்தனாலின் கொதிநிலை 64.7 என்று நான் எழுதிப்போட்டேன். ‘வித்தியாசம் 13.3’ என்றது வகுப்பு. 78 என்பது முழு எண்ணாகத்தான் தெரியும், அதனால் விடை 13தான், அந்த .3ஐ நம்பாதீர்கள் என்றேன். ஏன் என்று காட்ட எத்தனாலின் கொதிநிலையை இன்னும் நுட்பமாக 78.4 என்று கொடுத்தேன். இப்போது வித்தியாசம் 13.7. முதலில் வந்த .3 உண்மையில் .7. கழித்தலில் தசம இடங்களைப் பார்க்க வேண்டும் என்ற விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

அப்போது ஒரு பையன் எழுந்தான். ‘டீச்சர், பத்து மில்லி குடிச்சா கண்ணு போயிடும், முப்பது மில்லி குடிச்சா உசுரு போயிடும்னு போன்ல படிச்சேன். அப்ப ஒம்பது மில்லின்னா ஒண்ணும் ஆகாதா?’

பக்கத்தில் இருந்தவன் முடிப்பதற்குள் இன்னொரு குரல் வந்தது. ‘எங்க தெருவுல ரெண்டு பாக்கெட் குடிச்சவரு பொழச்சு வந்துட்டாரு. ஒரு பாக்கெட் குடிச்சவரு வரல. அது எப்படி டீச்சர்?’

நண்பர்களே, முக்கிய எண்ணுருக்கள் பாடத்துக்கு இவை இரண்டையும்விடப் பெரிய கேள்வி கிடையாது. நச்சியல் நூல்களில் அந்த எண்கள் உண்மையிலேயே இருக்கின்றன. பத்து மில்லிலிட்டர் தூய மெத்தனால் நிரந்தரமாகப் பார்வையைப் பறிக்கலாம், முப்பது உயிரைப் பறிக்கலாம். ஆனால் அந்தப் பத்தில் இருப்பது ஒரே ஒரு முக்கிய எண்ணுரு. 1 × 10¹. ‘ஏறத்தாழ இந்த அளவில்’ என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. பையன் அதை வேலியாகப் படித்துவிட்டான். பத்துக்கு இந்தப் பக்கம் நின்றால் பாதுகாப்பு, அந்தப் பக்கம் போனால் ஆபத்து என்று. அளவாகக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று சாராயம் விற்பவன் சொல்வதும் அதேதான். அந்தப் பேச்சுக்கு எண்ணின் உடுப்பைப் போட்டுவிட்டோம்.

வாயால் மறுத்துப் பயனில்லை என்று தெரியும். கணக்குப் போட்டோம். பத்து மில்லி மெத்தனால், அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.79 கிராம், எனவே 7.9 கிராம். மெத்தனால் உடலின் நீரெங்கும் பரவும். அறுபது கிலோ எடையுள்ளவரின் உடலில் எடையில் ஏறத்தாழ 0.6 பங்கு நீர், அதாவது 36 லிட்டர். வகுத்தால் கால்குலேட்டர் காட்டுவது 0.2194444. டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் சொன்னால் 21.94444. மாற்று மருந்து கொடுக்க மருத்துவர்கள் பார்க்கும் அளவுகோல்களில் ஒன்று, இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராம். ஆக, நம் 10 அங்கே போய்த்தான் நிற்கிறது.

‘21.94444இல் எத்தனை இலக்கத்தை நம்புவீர்கள்?’ என்று கேட்டேன். தரையை அளந்தபோது செய்ததை இப்போது அவர்களாகவே செய்தார்கள். எடை 45 கிலோவாக இருந்தால்? 29. எடை 75 கிலோவாக இருந்தால்? 18. ஒரே பத்து மில்லி ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 29. உடலில் நீரின் பங்கு 0.6 என்பதும் எல்லாருக்கும் ஒன்றல்ல, 0.5ஆக இருக்கலாம், 0.7ஆகவும் இருக்கலாம். இதற்கு மேல் முதல் எண்ணையே யாரும் அளக்கவில்லை. ஒரு பாக்கெட்டில் மெத்தனால் எவ்வளவு, பக்கத்துப் பாக்கெட்டில் எவ்வளவு என்று அளந்து கலந்தவர் யார்? ஒரு பாக்கெட் என்பதில் ‘ஒன்று’ மட்டும்தான் தெரியும். உள்ளே இருப்பதில் ஒரு இலக்கம்கூடத் தெரியாது.

இரண்டாவது கேள்வி கேட்ட பையனுக்கு அதுதான் பதில். சாப்பிட்டிருந்தாரா, எடை என்ன, உடன் எவ்வளவு எத்தனால் இருந்தது, எத்தனை மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனார், எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. மெத்தனால் தானாகச் செய்யும் கேட்டைவிட, கல்லீரலில் அது ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாகிச் செய்யும் கேடுதான் பெரிது. அந்த அமிலம்தான் பார்வை நரம்பைத் தாக்குகிறது. இந்த மாற்றத்துக்கு நேரம் பிடிக்கும். பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முழுக்கக்கூட ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ‘நேத்து குடிச்சவன் நல்லாத்தானே இருக்கான்’ என்ற சொல்லுக்கு அறிவியலில் மதிப்பே இல்லை என்று அழுத்திச் சொன்னேன். கண் மங்கும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிப்போட்டேன். அதற்கு இலக்கம் எதுவும் தேவையில்லை.

ஒன்பது மில்லிக்கு என்ன பதில் என்று முதல் பையன் விடவில்லை. அவனையே கணக்கைப் போடச் சொன்னேன். 45 கிலோ எடையுள்ளவருக்கு 9 மில்லியில் 26 வந்தது. 20ஐ எப்போதோ தாண்டிவிட்டது. நோட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தான். எங்கே எடுத்தான் அந்த 45ஐ என்று நான் கேட்கவில்லை. மெலிந்த உடம்புகள் அவன் வீட்டிலும் தெருவிலும் இருக்கின்றன.

மோல் கணக்கும் இதற்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு மில்லிலிட்டர் மெத்தனாலில் எத்தனை மூலக்கூறுகள்? 0.79ஐ மூலக்கூறு நிறை 32ஆல் வகுத்து அவகாட்ரோ எண்ணால் பெருக்க வேண்டும். 1.5 × 10²². ஒரு சொட்டு, அதாவது 0.05 மில்லிலிட்டர் என்றால் ஏறத்தாழ 7 × 10²⁰. இங்கே சில பிள்ளைகளுக்கு விடை 1.2 × 10²² என்று வந்தது. தேடிப்பார்த்தால், 0.79ஐ 32ஆல் வகுத்ததும் 0.0247 என்று வந்ததை 0.02 என்று சுருக்கிவிட்டார்கள். இரண்டு தசம இடத்துக்குச் சுருக்குவது அவர்களுக்கு வாய்பாடாகிவிட்டது. தசம இடம் வேறு, முக்கிய எண்ணுரு வேறு. 0.02இல் ஒரே ஒரு முக்கிய எண்ணுரு. இருபது சதவீதத்துக்கு நெருக்கமாகப் பிழை நடுவழியிலேயே புகுந்துவிட்டது. முழுமைப்படுத்துதல் கடைசி வரியில்தான். நடு வரிகளில் ஒன்றிரண்டு இலக்கம் கூடுதலாகவே சுமந்து வரட்டும்.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். அளவிட்ட எண், எண்ணிய எண் என்ற வேறுபாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். அளவிட்டதில் எப்போதும் ஐயம் உண்டு, எண்ணியதில் ஐயம் இல்லை, வகுப்பில் 34 பேர் என்றால் 34 பேர்தான், 34.0 அல்ல, 30க்கு முழுமைப்படுத்தவும் முடியாது என்றேன். ஒரு மாணவி கேட்டாள். ‘அப்புறம் ஏன் டீச்சர் எங்க ஊர்ல செத்தவங்கள சுமார் அறுபது பேருன்னு எழுதுறாங்க?’

எழுதுகிறவருக்கு அது ஒரு வசதி. அந்தப் பிள்ளைக்கு ‘சுமார்’ என்ற சொல்லில் தெரிந்த ஒருவர் காணாமல் போகிறார். பெயர் பெயராக எண்ணிய எண்ணுக்கு முழுமைப்படுத்துதல் கிடையாது என்று அவளுக்குச் சொன்னேன். அந்த நாட்களில் எண்ணிக்கை தினமும் மாறிக்கொண்டிருந்தது, எண்ணுகிறவர்கள் பிழை செய்ததால் அல்ல, ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்ததால் என்றும் சொன்னேன். தெரிந்த விஷயம்தான், தலையாட்டினாள்.

‘எண்ணியதில் ஐயமில்லை’ என்பதையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் தற்காலிக எண்ணிக்கை 7,21,38,958. இறுதி எண்ணிக்கை 7,21,47,030. வித்தியாசம் 8,072 பேர். முதலில் வந்ததில் எட்டு இலக்கங்கள் இருந்தாலும் இரண்டுக்கும் பொதுவாக நின்றவை 7.21 × 10⁷ என்ற மூன்றுதான். ஆளை ஆளாகத்தான் எண்ணினார்கள். எண்ணிக்கை பெரிதாகும்போது எண்ணுவதும் ஒருவகை அளவீடாகிவிடுகிறது. வகுப்பில் இந்த இரண்டு எண்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப்போட்டு, எந்த இலக்கம்வரை நம்பலாம் என்று கேளுங்கள். அருமையான அரை மணி நேரம் கிடைக்கும்.

சுழியத்தை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதற்கு ஒரு பழைய கதை. 1802இல் சென்னை பரங்கிமலையில் லாம்டன் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்து தொடங்கியதுதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணி. அந்த வேலை இமயம்வரை போய், 1856இல் எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. கணக்கில் வந்தது சரியாக 29,000 அடிதான், ஆனால் அப்படிச் சொன்னால் தோராயமாகச் சொல்கிறார்கள் என்று உலகம் நினைக்கும் என்பதால் இரண்டு அடி சேர்த்தார்கள் என்று சொல்வதுண்டு. கதை உண்மையோ இல்லையோ, அறிவியல் குறியீடு அன்று பழக்கத்தில் இருந்திருந்தால் 2.9000 × 10⁴ என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் அந்த மூன்று சுழியங்களை மறக்க மாட்டார்கள். 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8848.86 மீட்டர். ஆறு இலக்கம். பனி மூடிய மலை உச்சியில் சென்டிமீட்டர்வரை பொறுப்பேற்கிறார்கள். எந்தக் கருவியால், எந்த மட்டத்திலிருந்து என்று கேட்கப் பழக்குங்கள்.

கடைசியாக மதிப்பெண் விவகாரம். விடைக்குறிப்பில் 46.36 என்று இருக்கிறது, பிள்ளை 46 என்று எழுதியிருக்கிறது, என்ன செய்வது என்று காலையிலேயே ஒரு சார் கேட்டார். பொதுத்தேர்வில் விடைக்குறிப்புதான் நம் கையைக் கட்டும், அதில் வாதாடிப் பயனில்லை. அதனால் பிள்ளைகளை ‘46.36, அதாவது ஏறத்தாழ 46 சதுர மீட்டர்’ என்று இரண்டையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். நம் கையில் இருக்கும் அலகுத் தேர்வுகளில் நான் வேறு மாதிரி செய்கிறேன். அலகுக்கு அரை மதிப்பெண், சரியான இலக்கங்களுக்கு அரை மதிப்பெண். கால்குலேட்டர் திரையில் இருப்பதையெல்லாம் எழுதினால் அந்த அரை கிடையாது. முதல் தேர்வில் வகுப்பில் ஏழு பேர்தான் அந்த அரையை வாங்கினார்கள். காலாண்டில் பாதிக்கு மேல். கல்வராயன் மலைப் பள்ளிகளிலிருந்து வந்திருப்பவர்கள் மழைமானியை வைத்து இதைச் செய்யலாம். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 1 × 10⁴ லிட்டர். வெள்ளிமலையில் பெய்கிற மழை கோமுகியில் எவ்வளவு வந்து சேரும் என்று அங்கிருந்து தொடங்கலாம்.

கரும்பு விலைக் கணக்கு, தரை அளவு, மக்கள்தொகை எண்கள் மூன்றையும் பயிற்சித்தாளாக எழுதி வைத்திருக்கிறேன். மெத்தனால் கணக்கை அதில் சேர்க்கவில்லை. அது அந்தந்த வகுப்பு கேட்கும்போது அந்தந்த ஆசிரியர் முடிவு செய்ய வேண்டியது. படிகள் வாசல் பக்கத்து மேசையில் இருக்கின்றன. நாற்பதுதான் எடுத்தேன், பள்ளிக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.